கணிதவியலரை மருத்துவ ஆய்வுக்குள் எப்போது அழைப்பது?

கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் கணிதத் துறையில் பணியாற்றும் நீங்கள் கேட்டிருப்பது இது: பக்கத்திலுள்ள மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து ஒருநாள் கருத்தரங்கு நடத்தினீர்கள், இரு தரப்பினரும் ஆர்வத்தோடு பேசினார்கள், தொலைபேசி எண்களையும் வாங்கிக்கொண்டார்கள், ஓராண்டு ஆகியும் ஒரு கூட்டு ஆய்வும் தொடங்கவில்லை. கணிதவியலரும் உயிர்மருத்துவ ஆய்வாளரும் இணைந்து பணியாற்றுவதை எப்படி ஊக்குவிப்பது என்று கேட்கிறீர்கள். நீங்கள் விவரித்திருக்கும் நிலையில் ஊக்கத்திற்குக் குறைவில்லை. அறிமுகமான பிறகும் ஏன் வேலை தொடங்குவதில்லை, தொடங்கினாலும் ஏன் நிலைப்பதில்லை என்பதே உங்கள் கேள்வியின் உட்பொருள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் காலத்தோடு மாறும் அளவுகளை விவரிக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளில் பயிற்சி பெற்று, பிறகு பல ஆண்டுகளாகத் தொற்றுநோய் ஆய்வுகளில் மருத்துவர்களோடு பணியாற்றி வருபவன். எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றையும், நான் நம்பினாலும் சான்று போதாதவற்றையும் பிரித்தே சொல்கிறேன். மரபணுத் தொடர் பகுப்பாய்விலும் மருத்துவப் படங்களைக் கணினி கொண்டு படிப்பதிலும் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அங்கே நிலைமை ஓரளவு வேறாக இருக்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய கூட்டு முயற்சிகள் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம், கணிதம் தெரிந்தவர் மிகவும் தாமதமாக அழைக்கப்படுவதுதான். நோயாளிகளைச் சேர்த்து, இரத்தம் எடுத்து, அளந்து, அட்டவணையில் நிரப்பி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு வாரம் இருக்கும்போது ஒருவரிடம் கொடுத்து, இதில் ஏதாவது வருகிறதா பாருங்கள் என்கிறார்கள். அந்தக் கட்டத்தில் எவ்வளவு திறமையானவராலும் சில சராசரிகளையும் ஒரு வரைபடத்தையும் தவிரப் பெரிதாக எதையும் கொடுக்க இயலாது, ஏனென்றால் கணிதம் உண்மையிலேயே உதவியிருக்கக்கூடிய இடம், எதை எப்போது அளப்பது என்று முடிவு செய்த இடம், கடந்துபோய்விட்டது. மருத்துவர் ஏமாற்றமடைகிறார், கணிதவியலர் தன்னைக் கணக்கராக நடத்துகிறார்கள் என்று வருந்துகிறார், இருவரும் அடுத்த முறை கூப்பிட்டுக்கொள்வதில்லை.

இரு துறையினரும் சந்திக்காமலேயே போனால் என்ன ஆகும் என்பதற்குச் சி.டி. ஸ்கேனின் கதை நல்ல சான்று. ஒரு பொருளின் ஊடாகச் செல்லும் எல்லாக் கோடுகளின் மீதும் எடுத்த தொகையீடுகளிலிருந்து, அதாவது கோடு நெடுகக் கூட்டிய மொத்தங்களிலிருந்து, அப்பொருளின் உட்பகுதியை மீட்டெடுக்க முடியும் என்பதை கணிதவியலர் யோஹான் ராடான் 1917-இலேயே நிறுவிவிட்டார். 1956-இல் கேப் டவுன் நகரின் குரூட்டே ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேர இயற்பியலராக இருந்த ஆலன் கார்மக், கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு உடலின் உட்புறத் திசுக்கள் கதிரை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று தெரிய வேண்டுமே என்ற கேள்வியிலிருந்து தொடங்கி, ராடானின் பணியை அறியாமலேயே அந்தக் கணக்கைத் தானே தீர்த்தார். 1963-இலும் 1964-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகளை ஏறத்தாழ யாரும் கவனிக்கவில்லை. இங்கிலாந்தில் பொறியியலர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் தனியாக வேறொரு வழியில் கருவியையே உருவாக்கினார். 1971-இல் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. 1979-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தேற்றம் அச்சில் இருந்தது, மருத்துவத் தேவையும் இருந்தது, ஆனாலும் ஒன்று மற்றொன்றைத் தேடிக்கொண்டு போகவில்லை. ஆகவே அறிமுகம் முக்கியம்தான். உங்கள் கருத்தரங்கு வீண் என்று நான் சொல்ல வரவில்லை.

சந்தித்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதைக் காட்ட எனக்குத் தெரிந்தவற்றுள் தலைசிறந்த எடுத்துக்காட்டு எச்.ஐ.வி. ஆய்வில் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். தொற்று ஏற்பட்டு எய்ட்ஸ் நிலை வரச் சராசரியாகப் பத்தாண்டுகள் ஆகின்றன என்பது 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் இரத்தத்தில் வைரஸின் அளவு பெரிதாக மாறாமல் இருந்ததால், வைரஸ் மெதுவாக இயங்குகிறது என்றே பலரும் எண்ணினார்கள். ஆனால் ஓர் அளவு மாறாமல் இருக்க இரண்டு காரணங்கள் இருக்கலாம்: உற்பத்தியும் அழிவும் இரண்டுமே மந்தமாக நடக்கலாம், அல்லது இரண்டும் கடும் வேகத்தில் நடந்து ஒன்றையொன்று ஈடுகட்டலாம். அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இவ்விரண்டையும் பிரித்தறியவே முடியாது. ஒரு பக்கத்தைத் தடுத்துவிட்டு மறுபக்கம் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்று பார்த்தாக வேண்டும். அப்போது சோதனை நிலையில் இருந்த ரிட்டோனாவிர் என்ற மருந்து அதற்கு வழி திறந்தது.

நியூயார்க்கில் எய்ட்ஸ் ஆய்வு மையம் ஒன்றை நடத்திவந்த மருத்துவர் டேவிட் ஹோவும், லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் நோயெதிர்ப்பு மண்டலத்துக்குக் கணித மாதிரிகள் அமைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஆலன் பெரல்சனும் இதில் இணைந்தார்கள். 1995 ஜனவரியில் அவர்களது குழு, 20 நோயாளிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்தபோது வைரஸ் அளவு சராசரியாக இரண்டே நாளில் பாதியாகிறது என்று நேச்சர் இதழில் வெளியிட்டது. மற்றொரு குழுவும் அதே இதழில் ஒத்த முடிவைத் தந்தது. பத்தாண்டு மந்தம் என்ற எண்ணம் அத்துடன் தகர்ந்தது. ஆனால் அந்த இரண்டு நாள் எதனுடைய அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) என்ற கேள்வி எஞ்சி நின்றது. இரத்தத்தில் மிதக்கும் வைரஸ் துகள் அழிவது ஒன்று. துகள்களை உற்பத்தி செய்யும் தொற்றிய செல் சாவது வேறொன்று. இம்மருந்து ஏற்கெனவே தொற்றிய செல்லின் உற்பத்தியை நிறுத்துவதில்லை. அந்தச் செல் தொடர்ந்து துகள்களை வெளியிடும், ஆனால் அவற்றுக்குப் புதிய செல்லைத் தொற்றும் ஆற்றல் இருக்காது. பரிசோதனையோ இரு வகைத் துகள்களையும் சேர்த்தே எண்ணும். இது வைரஸை அறிந்தவர் சொல்ல வேண்டிய செய்தி. அதன் விளைவு வளைவின் எந்தப் பகுதியில் தென்படும் என்பது சமன்பாட்டை எழுதிப் பார்த்தவர் சொல்ல வேண்டியது.

சமன்பாடு சொன்னது இதுதான்: இரண்டு வேகங்களில் மெதுவானதுதான் பிற்பகுதிச் சரிவை ஆளும், வேகமானது முதல் ஓரிரு நாளில், வளைவு சரியத் தொடங்கும் தோள்பட்டைப் பகுதியில் மட்டுமே தலைகாட்டும். நாள்கணக்கில் இடைவெளி விட்டு இரத்தம் எடுத்தால் அந்தப் பகுதி கண்ணில் படாமலேயே போய்விடும். எனவே 1996-இல் சயன்ஸ் இதழில் வெளியான அடுத்த ஆய்வில், ஐந்தே நோயாளிகளிடம், மருந்து கொடுத்த ஆறாம் மணி வரை இரண்டு மணிக்கு ஒருமுறையும், இரண்டாம் நாள் வரை ஆறு மணிக்கு ஒருமுறையும், ஏழாம் நாள் வரை தினமும் இரத்தம் எடுத்தார்கள். இரண்டு வேகங்களும் பிரிந்து நின்றன. துகளின் அரை ஆயுள் ஏறத்தாழ ஆறு மணி நேரம். தொற்றிய செல்லின் அரை ஆயுள் ஏறத்தாழ 1.6 நாள், ஒரு நோயாளியின் உடலில் ஒரு நாளில் உருவாகும் துகள்கள் சராசரியாக ஆயிரம் கோடி. இந்த வைரஸின் 10,000 எழுத்துக்கள் அளவிலான மரபணுத் தொகுதி இந்த வேகத்தில் பிழைகளோடு படியெடுக்கப்படுமானால், ஒற்றை எழுத்து மாற்றம் ஒவ்வொன்றும் தினமும் எங்கோ தோன்றிவிடும். ஒரே மருந்தைக் கொடுத்தால் அதற்கு எதிர்ப்புப் பெற்ற வைரஸ் ஏன் தவறாமல் தலைதூக்குகிறது என்பது அப்போது விளங்கியது. கூட்டு மருந்துச் சிகிச்சையே கணிதத்தால் வந்தது என்று சொன்னால் அது மிகை. அதை நிலைநாட்டியவை மருத்துவச் சோதனைகள். அது ஏன் தேவை என்பதற்கான தெளிவான காரணத்தைக் கொடுத்ததில் இந்த ஆய்வுக்குப் பங்குண்டு என்பதில் ஐயமில்லை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த இரத்தம் எடுக்கும் நேர அட்டவணை. ஐந்து நோயாளிகளிடம் எடுத்த அளவீடுகள், 20 பேரிடம் எடுத்தவை சொல்லாததைச் சொன்னதற்குக் காரணம், அந்த நேரங்கள் கேள்விக்கேற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அட்டவணை எழுதப்படும்போது கணிதம் அறிந்தவரும் உடனிருந்தால் மட்டுமே இது நடக்கும்.

நம் ஊரிலும் இதற்கு மூத்த சான்று உண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் குழு ஆகியவை சேர்ந்து தொடங்கிய காசநோய் மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு வீட்டிலும் மறுபாதியினருக்குச் சானடோரியம் என்ற காசநோயாளிகள் தங்கும் மருத்துவமனையிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. வசதியற்ற வீட்டில் இருந்துகொண்டே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள், வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை என்பது 1959-இலும் அடுத்த ஆண்டிலும் வெளியானபோது, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறியது. யாரை எந்தப் பிரிவில் சேர்ப்பது, யாரை எதோடு ஒப்பிடுவது என்ற புள்ளியியல் முடிவுகள் முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்ததால்தான் அந்த முடிவை யாராலும் தட்டிக்கழிக்க இயலவில்லை.

இன்னொன்றையும் வரலாறு காட்டுகிறது: கேள்வி மருத்துவரிடமிருந்து வரும்போது கூட்டு முயற்சி உறுதியாக நிற்கிறது. 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்ட ரொனால்ட் ராஸ், கொசுக்களை முழுக்க ஒழிக்காமலேயே மலேரியாவை ஒழிக்க முடியுமா, எந்த அளவுக்குக் குறைத்தால் போதும் என்ற தன் கேள்விக்குச் சமன்பாடுகளை எழுதினார். பிறகு வடிவியல் வல்லுநரான ஹில்டா ஹட்சனோடு சேர்ந்து 1917-இல் கட்டுரைகள் வெளியிட்டார். இந்திய மருத்துவப் பணியில் இருந்த மருத்துவர் மெக்கென்ட்ரிக், வேதியியலர் கெர்மாக்கோடு சேர்ந்து 1927-இல் எழுதிய கொள்ளைநோய்க் கட்டுரையில் ஒப்பிட்டுக் காட்டியது 1905-06 பம்பாய்ப் பிளேக் சாவுகளின் எண்ணிக்கையை. என்னிடம் ஓர் அழகான முறை இருக்கிறது, இதற்கு ஒரு நோய் வேண்டும் என்று தொடங்கிய முயற்சிகள் நிலைத்ததை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

அடுத்ததாக உறுதியாகச் சொல்லக்கூடியது, கணிதவியலர் அளவீடு நடக்கும் இடத்திற்கே போய் உட்கார வேண்டும் என்பது. ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். காசநோய்ச் சளிப் பரிசோதனைத் தரவு ஒன்று எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த கணிதப் பட்டதாரியிடம் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் வாரவாரம் 1+, 2+, 3+ என்று தரம் குறிக்கப்பட்டிருந்தது. அவர் அவற்றை 1, 2, 3 என்று எடுத்துக்கொண்டு சராசரியும் சாய்வும் கண்டு ஒரு நேர்கோட்டை வரைந்துகொண்டு வந்தார். அவரை ஒரு காலைப்பொழுது ஆய்வகத்தில் ஸ்லைடு பார்க்கும் நுட்பநரின் அருகில் உட்கார வைத்தோம். நுண்ணோக்கியில் நூறு புலங்களை (ஒரே பார்வையில் தெரியும் வட்டப் பகுதிகளை) பார்த்து மொத்தம் 10 முதல் 99 கிருமிகள் இருந்தால் 1+. புலத்துக்கு ஒன்று முதல் பத்து வரை இருந்தால் 2+, அதற்கு ஐம்பது புலம் பார்த்தால் போதும். புலத்துக்குப் பத்துக்கு மேல் இருந்தால் 3+, அதற்கு இருபது புலமே போதும். நூறு புலங்களில் ஒன்பதுக்குள் இருந்தால் எண்ணிக்கையையே எழுதிவிடுவார்கள். அதாவது ஒவ்வொரு படியும் ஏறத்தாழப் பத்து மடங்கு. சில நோயாளிகள் சளிக்குப் பதிலாக உமிழ்நீரைக் கொடுத்துவிடுவார்கள், அப்போது கிருமி இருந்தும் தென்படாது என்பதையும் நுட்பநர் சொன்னார். பட்டதாரி திரும்பி வந்து மடக்கை அளவையில் வேறொரு மாதிரியை எழுதினார். அதைவிட முக்கியமாக, திரவ வளர்ப்பு ஊடகத்தில் கிருமி வளர்வது தெரிய எத்தனை நாள் ஆகிறது என்ற எண்ணும் இதே ஆய்வகத்தில் பதிவாகிறதே, அது இதைவிட நுட்பமானதாயிற்றே, அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டார். மருத்துவருக்கு அது யாரும் கேட்காததால் கோப்பில் கிடந்த எண். அந்த ஒரு கேள்வியில்தான் எங்கள் ஆய்வு உண்மையில் தொடங்கியது.

இனித் தடைகளுக்கு வருகிறேன். பாராட்டும் பதவி உயர்வும் கிடைக்கும் முறைதான் எல்லாவற்றிலும் பெரிய தடை என்பது என் கணிப்பு. மருத்துவத்துக்குத் தேவைப்படும் கணிதம் பல நேரங்களில் கணிதத் துறைக்குப் புதியதாக இருப்பதில்லை. 1908-இல் மரபியலர் பன்னட், தன் நண்பரான கேம்பிரிட்ஜ் கணிதவியலர் ஹார்டியிடம், ஓங்கு பண்பு (பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் பண்பு) ஒன்று தலைமுறை தலைமுறையாகப் பரவிக்கொண்டே போகாதா என்ற சிக்கலைக் கொண்டுபோனார். அப்படிப் பரவாது என்று ஹார்டி சில வரிகளில் விடையெழுதி அனுப்பினார். பெருக்கல் வாய்ப்பாடு அளவுக் கணிதமே போதும் என்று அக்கடிதத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார். அதே ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் வைன்பெர்க்கும் தனித்து அதைக் கண்டறிந்ததால், இன்று பள்ளிப் பாடநூல்வரை அது ஹார்டி-வைன்பெர்க் விதி. உயிரியலுக்கு அடித்தளமான ஒன்று, கணிதத்துக்கு ஒரு கடிதம். ஹார்டிக்கு அதனால் இழப்பில்லை. ஆனால் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் ஓர் உதவிப் பேராசிரியர் இரண்டு ஆண்டு மருத்துவமனையில் உழைத்துவிட்டு, அவருடைய துறைக் குழுவிடம் இதில் புதிய தேற்றம் எங்கே என்ற கேள்வியை மட்டும் சந்தித்தால், அடுத்தவர் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். உயிரியல் திரும்பக் கொடுத்ததும் உண்டு. சாதகமான மரபணு ஒன்று பரவும் அலை பற்றி 1937-இல் எழுந்த சமன்பாடு பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டியலில் ஒரு தனிக் கிளையையே வளர்த்தது. ஆனால் அதை எதிர்பார்த்துக்கொண்டு ஒருவரை அனுப்ப முடியாது.

ஆசிரியர் பெயர் வரிசையும் இப்படித்தான் மனக்கசப்பைக் கொண்டுவருகிறது. தூய கணிதத்தில் பெயர்களைக் குடும்பப் பெயரின் அகர வரிசையில் போடுவது வழக்கம்; மருத்துவத்தில் முதற்பெயர் வேலையைச் செய்தவருக்கும் கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருக்கும் உரியவை, நடுவில் வருபவர்களுக்கு மதிப்பு குறைவு. இந்த வேறுபாடு தெரியாத கணிதவியலர், ஏழாவது பெயராக நிற்பதைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிட்டு, மதிப்பீட்டுக் குழுவின் முன் திகைத்து நிற்பார். எழுதும் முறையிலும் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. சூழலியல், பரிணாமவியல் கட்டுரைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று, கட்டுரையின் உடற்பகுதியில் பக்கத்துக்கு ஒரு சமன்பாடு கூடக்கூட அதை மேற்கோள் காட்டுவது 28 சதவீதம் குறைவதாகவும், பிற்சேர்க்கையில் உள்ள சமன்பாடுகளால் அந்த விளைவு இல்லை என்றும் கண்டது. அது வேறு துறை, காரணம் எது விளைவு எது என்பதிலும் வாதம் உண்டு. ஆனாலும் உடற்பகுதியில் சமன்பாட்டின் பொருளைச் சொல்லிச் சமன்பாட்டைப் பிற்சேர்க்கையில் வைக்கும் பழக்கத்தை நான் அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்.

நம் கல்வி முறையைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பில் கணிதம் இல்லாத அறிவியல் பிரிவை எடுத்து மருத்துவம் படித்த ஒருவர், பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டிருப்பார். அதன் பிறகு சமூக மருத்துவப் பாடத்தில் கொஞ்சம் புள்ளியியல் படித்திருப்பார். கணிதம்–கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்து இளங்கலைக் கணிதம் படித்தவரும் அதே பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டிருப்பார். இருவருமே அறிவாளிகள், ஆனால் ஒருவருக்கு மடக்கை வரைபடத்தையும், மற்றவருக்குச் செல்லையும் நுண்ணுயிரியையும் அடிப்படையிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, வயதிலும் பதவியிலும் உயர்ந்த பிறகு அதை வெளிப்படையாகக் கேட்கக் கூச்சமாகவும் இருக்கிறது. இந்தக் கூச்சம் நீங்க முதல் சில சந்திப்புகள் மூடிய அறையில், நாலைந்து பேருக்குள் நடப்பது நல்லது. ஐம்பது பேர் அமர்ந்த அரங்கில் எந்தப் பேராசிரியரும் தனக்குத் தெரியாததைக் கேட்கமாட்டார்; உங்கள் கருத்தரங்கு அப்படியே நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியதாக எனக்குத் தோன்றுவது, பெரிய திட்டமொன்றை எழுதுவதைத் தள்ளிவைத்துவிட்டு, மருத்துவ மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வேடுகளைப் பற்றிக்கொள்வது. எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். முதலாண்டிலேயே ஆய்வுத் திட்ட வரைவைக் கொடுத்து நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். இப்போது அந்தக் கட்டத்தில் புள்ளியியலரிடம் போவது, எத்தனை நோயாளிகள் வேண்டும் என்ற ஒரே எண்ணுக்காக. அந்த வரைவுகள் எழுதப்படும் வாரங்களில் உங்கள் துறையிலிருந்து இரண்டு பேர் அங்கே போய் உட்கார்ந்து, எது அளக்கப்படுகிறது, எத்தனை முறை, ஏன் அந்த நாட்களில் என்று மூன்று கேள்விகளைக் கேட்டாலே போதும். பத்து வரைவுகளில் ஒன்றிலாவது, காலத்தோடு மாறும் ஏதோ ஒன்று, அதாவது மருந்தின் அளவோ காயம் ஆறும் வேகமோ கிருமியின் எண்ணிக்கையோ, உங்கள் சமன்பாடுகளுக்கு இடம் கொடுக்கும். ஆய்வேட்டுக்கு முடிவு தேதி இருப்பதால் வேலை இழுத்துக்கொண்டே போகாது என்பது கூடுதல் நன்மை.

இன்னொரு வடிவமும் நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. தொழிற்சாலைச் சிக்கல்களுக்காக 1968-இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கிய ஆய்வுக்குழு வாரம் என்ற முறையை, பிரிட்டனில் 2000-இல் நாட்டிங்ஹாம் நகரில் மருத்துவத்துக்கென்று தனியாக நடத்தத் தொடங்கினார்கள். திங்கட்கிழமை மருத்துவர்கள் தங்கள் சிக்கலை முன்வைப்பார்கள். கணிதவியலர்கள் குழுக்களாகப் பிரிந்து வாரம் முழுவதும் அதில் வேலை செய்வார்கள். கடைசி நாளில் செய்ததைச் சொல்வார்கள். இதன் சிறப்பு, சிக்கலைக் கொண்டுவந்தவரும் வாரம் முழுவதும் உடனிருப்பது. நம் மருத்துவர்களால் ஐந்து நாள் வர முடியாது. புறநோயாளிப் பிரிவு முடிந்த பின் பிற்பகலில் தொடர்ந்து மூன்று நாள் என்று சுருக்கினால்கூட நடக்கும். உதவிக்கு ஆட்களும் அருகில் இருக்கிறார்கள்: சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கணக்கீட்டு உயிரியல் பிரிவு உண்டு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் உயிர்ப்புள்ளியியலுக்குத் தனித் துறையே உண்டு.

இதுவரை சொன்னவற்றில் எனக்குப் பெரிய ஐயமில்லை. இனிச் சொல்பவற்றில் உண்டு. அமெரிக்காவின் தாம்பா நகரிலுள்ள மொஃபிட் புற்றுநோய் மையம் கணிதவியலர்களுக்கு மருத்துவமனைக்குள்ளேயே ஒரு துறையை அமைத்துக் கொடுத்திருக்கிறது. அங்கே பிறந்த ஒரு கருத்து, பரவிய புரோஸ்டேட் புற்றுக்கான மருந்தை இடைவிடாமல் கொடுக்காமல், இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரோஸ்டேட் புரதத்தின் அளவு பாதியானதும் நிறுத்தி, பழைய அளவுக்கு ஏறியதும் மீண்டும் தொடங்குவது. மருந்துக்கு மசியும் செல்களை உயிரோடு விட்டால் அவை எதிர்ப்புப் பெற்ற செல்களை நெருக்கி வளரவிடாமல் வைக்கும் என்பது அதன் பின்னுள்ள கணிதம். 2017-இல் வெளியான முதல் முடிவில், 11 நோயாளிகள், வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவான மருந்தோடு, நோய் முற்றாமல் நீண்ட காலம் தாக்குப்பிடித்தார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் எண்ணிக்கை மிகச் சிறியது, ஒப்பிடப்பட்டவர்கள் குலுக்கலில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். ஆகவே இதை நிறுவப்பட்ட சிகிச்சையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதேபோல், ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் வெற்றிக்குக் காரணமா, அல்லது அந்த முயற்சியின் தொடக்கத்திலிருந்தே கணிதத்தை நம்பிய ராபர்ட் கேட்டன்பி என்ற கதிரியக்க மருத்துவர் அங்கே இருந்ததுதான் காரணமா என்பதையும் வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. என் அனுபவம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது: கட்டடத்தைவிட, மருத்துவர் தரப்பில் பிடிவாதமான ஒருவர் இருப்பதே முக்கியம். கூட்டு ஆய்வுக்கென்று தனி நிதி அறிவித்தால் கூட்டு முயற்சி பெருகுமா என்பதிலும் எனக்கு உறுதி இல்லை. நிதிக்காகச் சேர்ந்து, நிதி முடிந்ததும் பிரிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரு துறைக்கும் நடுவே முழுநேரமாக நிற்கும் ஓர் இளம் ஆய்வாளருக்கு மூன்றாண்டுச் சம்பளம் கொடுப்பது, கருவியோ பயணச் செலவோ கொடுப்பதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து; அதைக் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இரண்டு தாள்கள் முதலிலேயே எழுதப்பட வேண்டும். ஒன்று, யார் எதைச் செய்வார்கள், கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும், கணித முறையை மட்டும் தனிக் கட்டுரையாக வெளியிட உங்களுக்கு உரிமை உண்டா என்பதைச் சொல்லும் ஒரு பக்க உடன்பாடு. தரவு வந்த பிறகு இதைப் பேசினால் பேச்சு கசந்துவிடும். மற்றொன்று, நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பம். அதில் உங்கள் பெயர் இணை ஆய்வாளராக இருக்க வேண்டும், எந்தத் தரவு, எந்த வடிவில், எங்கே வைக்கப்படும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒப்புதல் வரும்வரை, பெயரும் மருத்துவமனை எண்ணும் நீக்கிய அட்டவணையைக்கூடக் கைப்பேசியில் அனுப்பச் சொல்லாதீர்கள்; நட்பின் பேரில் மருத்துவர் அனுப்பிவிடுவார், பிறகு அந்த ஆய்வு முழுவதும் கேள்விக்குள்ளாகும். ஒப்புதலுக்குச் சில மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களில் ஆய்வகத்தில் அமர்ந்து அளவீட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் சமன்பாட்டிலிருந்து கணினியில் கற்பனைத் தரவை உருவாக்கி, அளவீட்டுப் பிழையையும் அதில் கலந்து, திட்டமிட்ட நாட்களில் இரத்தம் எடுத்தால் நீங்கள் தேடும் எண்ணை உண்மையில் மீட்டெடுக்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முடியவில்லை என்று தெரிந்தால், முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே நாட்களை மாற்றிக் குழுவிடம் திருத்த விண்ணப்பம் கொடுக்க நேரம் இருக்கும்.